சர்க்கரை நோய்க்குச் சத்து மாத்திரைப் பெட்டி: எதை வாங்கலாம், எதை விடலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அம்மாபேட்டையில் இருக்கும் உங்கள் தந்தைக்கு 61 வயது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கு மெட்ஃபார்மினும், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோலும் சாப்பிட்டு வருகிறார். சில மாதங்களாக இரவில் உள்ளங்கால் எரிகிறது என்கிறார். தாயார் தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். உறவினர் ஒருவர், ஆள் சேர்த்து விற்கும் நிறுவனம் ஒன்றின் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். மல்டிவிட்டமின், மீன் எண்ணெய் கேப்சூல், மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூல், நோனிச் சாறு, சர்க்கரைக்கான மூலிகைப் பொடி எல்லாம் சேர்த்து மாதம் 5,800 ரூபாய். மூன்று மாதத்தில் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாம் என்பதும், 32 வயதான நீங்களும் இப்போதே தொடங்கினால் சர்க்கரையே வராது என்பதும் அவர் கொடுக்கும் உறுதி. "இவை நல்லவையா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இருப்பவை மூன்று கேள்விகள்: மருந்துக்கு இவை மாற்றாகுமா, வராத நோயை இவை தடுக்குமா, இவற்றில் ஏதாவது ஒன்றாவது உங்கள் வீட்டுக்குத் தேவைப்படுமா. முதலிரண்டுக்கும் விடை ஏறக்குறைய "இல்லை" என்பதுதான். மூன்றாவதுக்கு "ஒன்று தேவைப்படலாம், அது அந்தப் பெட்டியில் போதுமான அளவில் இருக்க வாய்ப்பில்லை" என்பதே என் கணிப்பு.

நான் மருத்துவர் அல்ல. சேலத்தில் மருத்துவமனை ஒன்றில் உணவியல் ஆலோசகராக, பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுடன், பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை அல்ல, உங்கள் உறவினரின் வேலையும் அல்ல. உங்கள் தந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவுகள், குறிப்பாகச் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் அளவு, என் கையில் இல்லாத நிலையில் நான் சொல்லக்கூடியது பொதுவானதே. அப்படியிருந்தும் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்வேன்: மெட்ஃபார்மினை இந்தப் பெட்டியை நம்பி நிறுத்தக் கூடாது. மாத்திரையிலிருந்து விடுபட்டவர்களே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளொன்றுக்கு 850 கலோரிக்கு மிகாத உணவை மூன்று முதல் ஐந்து மாதம் மேற்கொண்டவர்களில் 46 விழுக்காட்டினருக்கு, ஓராண்டின் முடிவில் மருந்தில்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது பத்து, பதினைந்து கிலோ எடைக் குறைவு. எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. பதினான்கு ஆண்டு கடந்த ஒருவருக்கு, எடை குறையாமல், ஒரு பொடியால் அது நடக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இனி, உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த உள்ளங்கால் எரிச்சலுக்கு வருகிறேன். என் பார்வையில் முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுபவர்களில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. மருந்தின் அளவும் சாப்பிட்ட ஆண்டுகளும் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படும் முறையை மெட்ஃபார்மின் பாதிப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை இதற்கு மேலும் துணைபோகிறது. ஏனென்றால் உணவிலுள்ள பி12 புரதத்திலிருந்து பிரிய வயிற்று அமிலம் வேண்டும். நம் ஊரில் எந்த மருந்துச் சீட்டிலும் முதல் வரியாக "வயிற்றுக்கு ஒன்று" எழுதப்படும் வழக்கம் இருப்பதால், இந்த இரண்டு மாத்திரையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பி12 குறைந்தால் கால் எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை வரலாம். சர்க்கரை நோயாலும் இதே கால் எரிச்சல் வரும் என்பதால், "சுகர் இருக்கிறது, எரியத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். சர்க்கரையால் வந்த நரம்புச் சேதத்தைத் திருப்புவது கடினம். பி12 குறைவால் வந்ததை நேரத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆகவே எது என்று தெரிந்துகொள்வது அவசியம். மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு இடையிடையே பி12 பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வழிகாட்டுகிறது. அறிகுறி உள்ளவர்களுக்குக் கட்டாயம் பார்க்கச் சொல்லி பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பும் 2022இல் அறிவுறுத்தியது.

அந்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு என்றும், 200 முதல் 300 வரை ஐயத்துக்குரியது என்றும் பொதுவாகக் கொள்வார்கள். குறைவு உறுதியானால் ஊசியாகவோ, நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ மருத்துவர் தருவார். உணவில் நமக்குத் தேவைப்படுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.2 மைக்ரோகிராம்தான். அப்படியிருக்க ஆயிரம் எதற்கு என்றால், இயல்பான வழி பழுதுபட்ட குடலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் தானாக ஊறி உள்ளே போகும். மல்டிவிட்டமின்களில் பெரும்பாலும் அன்றாடத் தேவையை ஒட்டிய ஓரிரு மைக்ரோகிராமே இருப்பதால், அந்தப் பெட்டியால் இந்தக் குறை தீராது. கேள்விப்பட்டு மருந்துக்கடையில் "நரம்புச் சத்து மாத்திரை" என்று கேட்டு வாங்கிவிடவும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பி6 மிகுந்த அளவில் சேர்ந்திருக்கும். பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் அதுவே கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாற்றைத் தரும். அதன் அன்றாட உச்ச வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது இதை முன்னிட்டே. எரிச்சலுக்காகச் சாப்பிடும் மாத்திரையே எரிச்சலை வளர்க்கும் இந்த வினோதத்தை நோயாளிகள் எளிதில் நம்புவதில்லை.

இதிலிருந்தே பொதுவான விதி ஒன்று கிடைக்கிறது. உடலில் ஒன்று குறைந்திருந்து அதைக் கொடுத்தால் பயன் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது; குறையாத இடத்தில் கூடுதலாகக் கொட்டினால் பயன் தேய்ந்துபோகிறது, சில வேளை தீங்காகிறது. உறுதியாகப் பலன் தந்தவை எல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை: அயோடின் சேர்த்த உப்பு, கர்ப்பத்துக்கு முன்பும் தொடக்கத்திலும் ஃபோலிக் அமிலம், இரத்தசோகைக்கு இரும்பு. 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நரம்புக்குழாய்க் குறை (மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத பிறவிக் குறை) உள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அடுத்த குழந்தைக்கு அக்குறை வருவது 72 விழுக்காடு குறைந்தது. மாத்திரை வடிவில் இத்தகைய பலனை நாள்பட்ட நோய்களில் எதிர்பார்த்துத்தான் எழுபதுகளுக்குப் பிறகு பெரிய ஆய்வுகளைத் தொடங்கினார்கள். பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுவோருக்குப் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததால், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டீனை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்க ஆய்வொன்றில் இது 28 விழுக்காடு. வைட்டமின் ஈ கொடுத்த 35,533 ஆண்களின் ஆய்வில், 2011இல் வெளியான தொடர்கணக்கின்படி, புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது. "சத்துதானே, கெடுதல் என்ன வந்துவிடப்போகிறது?" என்று உறவினர் கேட்டால் இந்த மூன்றையும் சொல்லலாம். உங்கள் தந்தைக்குப் பீடி, சிகரெட் பழக்கம் முன்பு இருந்திருந்தாலும்கூட, பீட்டா கரோட்டீன் மிகுந்த மாத்திரைகளை அவர் தவிர்ப்பதே நல்லது. கேரட்டும் முருங்கைக்கீரையும் இந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

மீன் எண்ணெயைப் பொறுத்தவரை உங்கள் தந்தைக்கே பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளுக்கு, அதுவரை இதயநோய் இல்லாதவர்களுக்கு, ஏழு ஆண்டுக்கு மேல் நாளும் மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பை ஒரு கிராம் கொடுத்துப் பார்த்த அசெண்ட் ஆய்வு 2018இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்தவர்களுக்கு மருந்தாக நான்கு கிராம் அளவில் தரும் ஒருவகைத் தூய ஒமேகா-3 பற்றி நல்ல முடிவும் உண்டு, அதற்கு முரணான முடிவும் உண்டு; அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஆபத்தும் சற்றுக் கூடுகிறது. அது இதய மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. மல்டிவிட்டமினில் நான் கடுமையாக எதிர்க்க ஒன்றுமில்லை, ஆதரிக்கவும் அதிகமில்லை. 14,641 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் 8 விழுக்காடு குறைந்தது, இதயநோய் குறையவில்லை. ஏறக்குறைய 3.9 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட கணக்கில், அதைச் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

வைட்டமின் டி மட்டும் உண்மையிலேயே முடிவாகாத வழக்கு. சேலத்து வெயிலில் இதற்குக் குறைவா என்று தோன்றும். ஆனால் தறிக்கூடத்திலும் கொலுசுப் பட்டறையிலும் கடைக்குள்ளும் பகல் முழுவதும் இருப்பவர்கள் மேல் வெயில் படுவதில்லை. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 2,423 பேருக்கு நாளும் 4,000 யூனிட் கொடுத்த ஆய்வில், 2019இல், நோய் வருவது சிறிதளவே குறைந்தது. அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம். இதுபோன்ற மூன்று ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 15 விழுக்காடு குறைவு தெரிந்தது. எனவே எல்லைக் கோட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2024இல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் சொன்னது. நலமாக இருப்பவர்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளத் தேவையில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. எனக்குக் கவலை தருவது வேறு. எட்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் பாக்கெட்டை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல், பலர் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை அது கொண்டுபோய்விடும்.

பெட்டியில் மீதியிருக்கும் மூன்றும்தான் எனக்கு அச்சம் தருபவை. லீ பஜாரில் ஏலம் போகும் மஞ்சள் குழம்புக்கு வருவதில் எந்தத் தவறும் இல்லை. சமையலில் சேரும் அளவு உடலுக்குள் மிகக் குறைவாகவே ஏறும். மஞ்சளின் குர்குமினை மட்டும் செறிவாக்கி, மிளகின் பைப்பரினையும் சேர்த்தால் கதை மாறுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் காட்டியபடி, பைப்பரின் சேர்ந்தபோது மனித இரத்தத்தில் குர்குமின் கிடைப்பது 2,000 விழுக்காடு கூடியது. விற்பனைத் தாள்களில் இந்த எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள். அதே பைப்பரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்ற பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதைப் போட மாட்டார்கள். அமெரிக்காவில் மருந்துசார் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் மருத்துவமனைக் கூட்டமைப்பு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் விவரித்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இது அரிதுதான். ஆனாலும் ஏற்கெனவே மூன்று மருந்து சாப்பிடுபவருக்கு, பலன் உறுதியில்லாத ஒன்றுக்காக ஏன் இந்த அரிய ஆபத்து?

நோனிச் சாற்றில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டனும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் தன்மை உடையது. பதினான்கு ஆண்டுச் சர்க்கரையில் சிறுநீரகம் சற்றே தளர்ந்திருந்தால், இந்த இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பையே பாதிக்கும் அளவுக்குப் பொட்டாசியத்தை உயர்த்த முடியும். பெட்டியில் உடனடியாக நிறுத்த வேண்டியது எது என்று கேட்டால், சாறு பழத்திலிருந்து வந்ததாயிற்றே என்று யாரும் சந்தேகிக்காத இதைத்தான் சொல்வேன். மூலிகைப் பொடியில் வழக்கமாகச் சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, வெந்தயம், பாகல் இருக்கும். வெந்தயம் சர்க்கரையைச் சிறிது குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஊறவைத்து உணவோடு சாப்பிடுவதில் தடையில்லை. சிறுகுறிஞ்சானைப் பற்றிய ஆய்வுகள் அதைவிடவும் மெலிந்தவை. பெயரில்லாப் பொடிகளில் நான் அஞ்சுவது மூலிகையை அல்ல. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தை இரகசியமாகக் கலந்த சர்க்கரைப் பொடிகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. சாப்பிட்ட சில நாளில் சர்க்கரை "அதிசயமாக" இறங்குவதும், பிறகு அதிகாலையில் வியர்த்து மயங்குவதும் அதனால்தான். மூலிகையில் நம்பிக்கை இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் சென்று, இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டி, வாங்கிக்கொள்ளுங்கள். அது வேறு, இது வேறு.

தாயாருக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதைவிட நேரத்தைப் பிரிப்பது முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். கால்சியம், இரும்பு, அவை சேர்ந்த மல்டிவிட்டமின் எதுவானாலும் நான்கு மணி நேரம் தள்ளி. காலையில் எல்லாவற்றையும் ஒரே பிடியாக விழுங்கிவிட்டு, தைராய்டு அளவு ஏன் சரியாகவில்லை என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. ஏற்காட்டுக் காபி எவ்வளவு மணந்தாலும், இரும்பு மாத்திரையோடும் உணவோடும் சேர்த்துக் குடித்தால் இரும்பு உடலில் சேருவதைக் குறைத்துவிடும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். 5, 10 மில்லிகிராம் அளவிலுள்ள பயோட்டின் இரத்தப் பரிசோதனையையே குழப்பி, தைராய்டு மிகையாக இருப்பதுபோல் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையும் இப்படித் தவறக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

உங்களைப் பற்றி. தந்தைக்குச் சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் தடுப்பதற்கான சான்று மாத்திரைப் பெட்டியில் இல்லை, நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக் கோட்டுச் சர்க்கரை உள்ள 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டில் வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்கு. அவர்கள் செய்தது நாளும் அரை மணி நேரம் வேகமான நடை, சர்க்கரையும் மாவும் எண்ணெயும் குறைத்த உணவு, கூடுதல் நார்ச்சத்து, அவ்வளவே. இதைச் சேலத்து வீட்டு மொழியில் சொன்னால், ஜவ்வரிசியும் குச்சிக்கிழங்கும் நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவைதான் என்றாலும் ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. அவற்றை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் இன்றும் விளையும் சாமை, கேழ்வரகு, அதோடு கீரை, பருப்பு, வாரம் இரண்டு முறை மேட்டூர் அணையின் கட்லாவோ ரோகுவோ என்று மாற்றினால் நார்ச்சத்து, கால்சியம், பி12 மூன்றும் தட்டிலேயே வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் உண்டு. ஆனால் சாமையும் களியும் மாவுச்சத்து இல்லாதவை அல்ல. "சிறுதானியம்தானே" என்று இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். முழு சைவமாக இருந்தால் பால், தயிரை விடாதீர்கள். அவற்றையும் விட்டவர்களுக்குப் பி12 மாத்திரை கட்டாயம், அதில் எனக்கு ஐயமே இல்லை.

பெட்டியை எடுத்து அதன் பின்பக்கம் பாருங்கள். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி அச்சிட வேண்டிய வரி அது. நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி இதை விற்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் அந்த உறுதிமொழி அட்டையில் இல்லாமல் உறவினரின் வாயில் மட்டும் இருக்கிறது. அவர் மேல் கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் அவரும் நம்பித்தான் பணம் போட்டிருப்பார்.

பெட்டிக்கான ஒரு மாதப் பணமாகிய அந்த 5,800 ரூபாயை மட்டும் ஒதுக்கி, உங்கள் தந்தைக்குப் பி12, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள், மிச்சம் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவிருந்தால் மூன்று மாதச் சராசரி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், அதனால்தான் ஹீமோகுளோபினையும் சேர்த்தேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முடிவுகள் வந்ததும், தந்தை ஏற்கெனவே இந்தப் பெட்டியில் எதையாவது சாப்பிடத் தொடங்கியிருந்தால் அந்தப் பாட்டில்களையும், மாத்திரை அட்டைகளையும், கால் எரிச்சல் எப்போது தொடங்கியது என்ற குறிப்பையும் ஒரே பையில் போட்டு, அவருக்கு மெட்ஃபார்மின் எழுதிய மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை மெட்ஃபார்மின் தொடரட்டும், நோனிச் சாறு நிற்கட்டும்.